'சேகரிக்கப்பட்டன': காசிமேட்டு மீனும் திறந்த அறிவியலின் பின்கட்டும்

1

'மாதிரிகள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சேகரிக்கப்பட்டன.' வங்கக் கடலின் மீன்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இந்த மாதிரி ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். சிலதில் ராயபுரம் என்றிருக்கும், சிலதில் சென்னை மீன்பிடித் துறைமுகம் என்றிருக்கும். இலக்கணம் மட்டும் மாறாது. செயப்பாட்டு வினை, செய்தவர் யார் என்பது இல்லை. யார் சேகரித்தது? யாரிடமிருந்து? காசு கொடுத்து வாங்கியதா, கெஞ்சி வாங்கியதா, ஏலத்தில் கழித்துப் போட்டதைப் பொறுக்கியதா? கட்டுரை சொல்லாது. சொல்லக் கூடாது என்பதுதான் அந்த எழுத்துமுறையின் விதி. கேட்டால் 'அறிவியல் புறவயமானது, அதில் ஆளுக்கு இடமில்லை' என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே கட்டுரையின் தலைப்புக்குக் கீழே நாலு பேர் பெயரும் அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமும் பட்டங்களும் கொட்டை எழுத்தில் இருக்கின்றனவே, அது என்ன? ஆக, ஆளுக்கு இடமில்லாமல் இல்லை. எந்த ஆளுக்கு இடம் என்பதுதான் பிரச்சினை.

கடந்த 25 ஆண்டுகளாக 'திறந்த அணுகல்' என்ற சொல் அறிவுலகத்தில் புழங்குகிறது. காசு கட்டாமல் யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், பரப்பலாம் என்று அறிவியல் இதழ்களைத் திறந்துவிடுவதற்கு ஓப்பன் ஆக்ஸஸ் என்று பெயர். நல்ல காரியம்தான், இந்தக் கட்டுரை அதற்கு எதிரானது அல்ல. ஆனால் திறக்கப்பட்டது தெருப்பக்கத்துக் கதவு மட்டும். பின்கட்டு பூட்டியே கிடக்கிறது. ஒரு கட்டுரை உருவாக எத்தனை கைகள் வேலை செய்கின்றன, அந்தக் கைகளில் எவை பிரதிக்குள் நுழைய அனுமதிக்கப்படுகின்றன, முடிவில் அதை யார் வாசிக்க முடிகிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காமல் 'திறப்பு' என்று பேசுவது பாதிப் பேச்சு.

2

அறிவியல் இதழ் என்ற வடிவத்துக்கு வயது 360 ஆண்டுகளுக்கும் மேல். 1665 ஜனவரியில் பாரிஸில் ஒன்று வந்தது. இரண்டு மாதம் கழித்து லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' இதழைத் தன் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்பதைத் தேதி போட்டுப் பதிவதுதான் அந்த இதழின் முக்கியமான வேலை. அதாவது, அறிவு ஒருவரின் பெயருக்குச் சொந்தமாகும் இடம் இதழ். அதே காலத்து ராபர்ட் பாயிலின் காற்றுப் பம்பைப் பற்றி 1989-இல் ஸ்டீவன் ஷேப்பின் ஒரு கட்டுரை எழுதினார். பம்பை இயக்கியவர்கள், எடை போட்டவர்கள், அளந்து குறித்தவர்கள் எல்லாரும் கூலிக்கு வைத்த உதவியாளர்கள். பாயிலின் எழுத்தில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. ஏதாவது பழுதானால், கைதவறினால் மட்டும் தலைகாட்டுவார்கள். சோதனை வெற்றி என்றால் பாயில் கண்டார். தோல்வி என்றால் உதவியாளன் சொதப்பினான்.

நம் கரைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியிலிருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரை மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர் அவற்றுக்கு இலத்தீன் பெயர் வைத்தார். ஒரு கத்தாழை மீனுக்கு அவர் 1793-இல் வைத்த பெயர் ஜானியஸ் கருட்டா. முன்பாதி, மீனை அனுப்பிய ஜான் துரையின் பெயர். பின்பாதி, நம் 'கறுத்த' கத்தாழை. மீனவன் வாயிலிருந்த சொல் உலக அறிவியலின் பட்டியலுக்குள் ஏறிவிட்டது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்ன வாய் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. 1803-இல் லண்டனில் அச்சான பேட்ரிக் ரஸ்ஸலின் விசாகப்பட்டினம் மீன்கள் நூலிலும் இதே கதைதான். இருநூறு மீன்கள், உள்ளூர்ப் பெயர்களோடு. பெயர் சொன்னவர்கள் இல்லாமல்.

சென்னையிலேயே 1833 முதல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' வந்தது. இராணுவ மருத்துவர் ஜெர்டன் 1851-இல் அதில் சென்னையில் பொறுக்கிய மீன்களைப் பற்றி எழுதினார். அவர் தன் தலைப்பிலேயே போட்ட சொல்லுக்கு அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது என்று பொருள். நேர்மையான சொல்தான். ஆனால் இங்கே அறுவடை செய்தது யார்? கட்டுமரத்தில் போனவர்கள். அவர்களுடைய பாடு, இவருடைய ஆய்வு.

'அதெல்லாம் காலனியக் காலம்' என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். தள்ளிவிட முடியாது என்பதற்குத்தான் அடுத்த பகுதி.

3

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. நாடு விடுதலையாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஒண்டுக்குடித்தனம். 1949-இல் மண்டபம் முகாம். 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. சென்னையில் அதன் ஆய்வு மையம் ஒன்று உண்டு. மண்டபத்தில் இருந்தபோது 1954-இல் தொடங்கியது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்'. அரசு செலவில் வருகிற அந்த இதழை இன்று இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். 1959 முதல் வரும் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழும் அப்படியே. 'திறந்த அணுகல்' என்ற கொள்கை அறிக்கைகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அரசுப் பணத்தில் பொதுச்சொத்தாக அறிவை அச்சடிக்கும் மரபு நம்மிடம் இருந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அந்த இதழில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? கரையிலிருந்து. நாடு முழுக்க 1,300-க்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள். எல்லாவற்றிலும் எல்லா நாளும் ஆள் நிற்க முடியாது. அதனால் மாதிரிக் கணக்கெடுப்பு. பொதுவான முறை இது: மாதத்தின் முதல் ஐந்து நாட்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பார்கள். அதிலிருந்து இரண்டிரண்டு நாள் சேர்ந்த தொகுப்புகள் பத்து நாள் இடைவெளியில் அமையும். கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 வரை கரையில் நிற்பார். மறுநாள் காலை 6 முதல் 12 வரை. நடுவிலுள்ள இரவில் இறங்கிய மீனை விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகுகள் 15 அல்லது அதற்கும் குறைவு என்றால் எல்லாவற்றையும் பார்ப்பார். கூடினால் சிலதைத் தேர்ந்தெடுப்பார். காசிமேடு போன்ற பெரிய துறைமுகங்களைத் தனி மண்டலமாகவே வைத்து, கூடுதல் நாட்கள் பார்ப்பார்கள்.

இப்போது அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1980-களில் முழு உருப்பெற்ற துறைமுகம். விடியுமுன்பே கூட்டம். பல நாள் தங்கிப் பிடித்துவிட்டு வரும் லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலக்காரரின் சத்தம், கூடைக்காரப் பெண்களின் சத்தம். வஞ்சிரமும் வவ்வாலும் போகும் வேகத்தில் யாரும் தராசைத் தேடுவதில்லை. கூடையை எண்ணி, ஒரு கூடைக்கு இவ்வளவு என்று மனக்கணக்கில் கிலோவாக்க வேண்டும். காரப்பொடியும் நெத்திலியும் கோழித்தீவனத்துக்குப் போகும் கழிசலும் குவியலாகக் கிடக்கும். அதிலே எந்த இனம் எத்தனை சதவீதம் என்று கண்ணால் பிரிக்க வேண்டும். எத்தனை நாள் கடலில் இருந்தீங்க, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று ஸ்ராங்கிடம் கேட்க வேண்டும். 'இன்னாத்துக்கு எய்தற? டீசல் மானியத்த கொறைக்கவா?' என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்பவன் உண்மையைச் சொல்வானா என்பது அவன் இவரை எவ்வளவு நாளாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

அறிவு உற்பத்தி என்றால் இதுதான். ஆய்வுக்கூடத்தில் பொருட்கள் எப்படி எழுத்தாகவும் எண்ணாகவும் வரைபடமாகவும் மாறுகின்றன என்று புரூனோ லத்தூரும் ஸ்டீவ் வுல்கரும் 1979-இல் எழுதினார்கள். மாறி முடிந்ததும் மாற்றிய வேலை மறைந்துவிடும். எண் மட்டும் தானாகவே இயற்கையிலிருந்து குதித்த மாதிரி நிற்கும். காசிமேட்டின் ஈரத்தரையில் நடந்த உரையாடல், நம்பிக்கை, சந்தேகம், ஒரு மனிதரின் முப்பது வருஷக் கண்பழக்கம் எல்லாம் சேர்ந்து கட்டுரைக்குள் போகும்போது ஒரே சொல்லாகிறது: 'சேகரிக்கப்பட்டன'. கணக்கெடுத்த தொழில்நுட்ப ஊழியருக்குக் கடைசி வரியில் நன்றி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்ராங்குக்கு அதுவும் கிடையாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த எண்களிலிருந்துதான் இவ்வளவுக்கு மேல் பிடித்தால் கடல் தாங்காது என்ற முடிவு வருகிறது. அதிலிருந்து சட்டம் வருகிறது. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், வலைக்கண் அளவு, சுருக்குமடிக்குத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். இந்தத் தடைக்காலம் இனப்பெருக்கத்துக்கானது என்கிறது அரசு. எல்லா மீனும் அந்த மாதத்திலா முட்டை போடுது, மழைக்காலத்துக்கு மாத்து என்கிற குரல் மீனவர்களிடமிருந்து எழுந்துகொண்டேதான் இருக்கிறது. யார் சொல்வது சரி என்று தீர்க்க வேண்டிய ஆதாரம் இருப்பது அந்தக் கட்டுரைகளில். காசில்லாமலே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில். ஆக, 61 நாள் அடுப்பு எரியாத வீட்டுக்குத் தன் அடுப்பைப் பற்றி எழுதப்பட்டது என்ன என்று தெரியாது. கொடுத்தது அவன் தகவல். திரும்பி வந்தது தடை.

4

கட்டுரை எழுதியாகிவிட்டது. இதழின் பின்கட்டுக்குப் போவோம். ஆசிரியர் குழு முதலில் கழித்துக்கட்டும். மிஞ்சியது இரண்டு, மூன்று மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அரசு நிறுவன இதழ்களில் ஆசிரியர் வேலையே ஆராய்ச்சி வேலைக்கு மேல் ஏற்றிய சுமைதான். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புதிதாக இருக்காது: நினைவூட்டல் கடிதம் எழுதுவது, வராத கட்டுரைக்குக் காத்திருப்பது, பிழை திருத்துவது, திட்டு வாங்குவது.

பணம் வாங்காத இந்த உழைப்பைப் பணமாக்கிக் காட்டியவர் ராபர்ட் மேக்ஸ்வெல். 1951-இல் பெர்காமன் பிரஸ்ஸை ஆரம்பித்து நூற்றுக்கணக்கான இதழ்களைப் பெருக்கினார். 1991-இல் அதை எல்சவியருக்கு 44 கோடி பவுனுக்கு விற்றார். வியாபாரம் எளிது. ஆராய்ச்சிக்கு அரசு பணம் தரும். எழுதுபவர் இலவசமாகத் தருவார். மதிப்பிடுபவர் இலவசமாக மதிப்பிடுவார். முடிந்த சரக்கை அதே அரசின் நூலகங்களுக்கு விற்கலாம். எல்சவியரின் தாய்க்கம்பெனி இந்தப் பிரிவில் காட்டும் லாபம் அண்மை ஆண்டுகளில் 37, 38 விழுக்காடு. காசிமேட்டில் எந்த ஏலக்காரருக்கும் வாய்க்காத லாபம்.

இந்தப் பின்கட்டில் சென்னைக்கு ஒரு தனி அறை உண்டு. உலகத்தின் அறிவியல் இதழ்களில் பெரும்பங்கு பக்கமாக்கப்படுவது தமிழ்நாட்டில். 1994-இல் புதுச்சேரியில் இன்டெக்ரா, 1998-இல் சென்னையில் டி.என்.க்யூ. என்று தொடங்கி, நகரத்தின் தென்பகுதியில் பல நிறுவனங்கள். அச்சுக்கோத்த ஈய எழுத்துக்களின் இடத்தில் இப்போது டெக்கும் எக்ஸ்.எம்.எல்.லும். அறிவியல் பட்டம் படித்த பிள்ளைகள், பெண்கள் கணிசமாக, ஷிஃப்ட் முறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் திருத்துகிறார்கள், சமன்பாடுகளைக் கோக்கிறார்கள், மேற்கோள் பட்டியலில் புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று குறியிடுகிறார்கள். 'ஏ.க்யூ.1: மூன்றாம் படம் உரையில் குறிப்பிடப்படவில்லை, கவனிக்கவும்' என்று உலகப் புகழ் விஞ்ஞானிக்குக் கேள்வி அனுப்புகிறார்கள். அவர் தவறைப் பிடித்தவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. காசு கட்டிப் படிக்கும் இதழ்கள் மட்டுமல்ல. 2012-இல் தொடங்கிய ஈலைஃப் போன்ற லாப நோக்கமற்ற திறந்த இதழும் பல ஆண்டுகள் சென்னையில்தான் பக்கமானது. திறந்த இதழிலும் அச்சுக்கோப்பவர் மூடித்தான் இருக்கிறார். (நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பேர் அச்சுக்கோத்தவர் பெயரைப் போட்டோம் என்பதையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.)

இப்போது ஒரு பயணத்தைப் பார்ப்போம். 2015-இல் எல்சவியரின் 'ஈகோடாக்ஸிகாலஜி அண்ட் என்விரான்மென்டல் சேஃப்டி' இதழில் எண்ணூர்க் கழிமுகத்து மீன்களின் உடலில் உலோகங்கள் சேர்வதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக்கழிவும் கலக்கும் கொசஸ்தலையாற்றின் மீன். அதைப் பிடிப்பவரும் தின்பவரும் எண்ணூர்க்காரர். ஆனால் கட்டணச் சுவருக்குப் பின்னாலிருக்கும் இந்த வகைக் கட்டுரை ஒன்றைத் தனியாக வாங்க முப்பது, நாற்பது டாலர். மீன் வடசென்னையில், இதழைப் பக்கமாக்கும் தொழில் தென்சென்னையில், நடுவில் இருபது, முப்பது கிலோமீட்டர். ஆனால் கட்டுரை ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி வந்தும் எண்ணூருக்கு வந்து சேரவில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோதும் கரையில் எழுந்த முதல் கேள்வி, 'இந்த மீனத் துன்லாமா?' என்பதுதான். இப்படிப்பட்ட கேள்விக்கு விடை விலைச்சீட்டு ஒட்டிய சரக்காக இருப்பதைத்தான் அறிவின் தனியுடைமை என்கிறோம்.

5

இதற்கு எதிர்ப்பு வராமல் இல்லை. 1991-இல் பால் கின்ஸ்பர்க் இயற்பியல் கட்டுரைகளை அச்சாகுமுன்பே இலவசமாகப் போட ஒரு களஞ்சியத்தைத் தொடங்கினார். அதன் இந்தியப் பிரதி தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தது. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை. 'திறந்த அணுகல்' என்ற பெயரே அப்போதுதான் நிலைத்தது. இந்தியாவில் இதைச் சலிக்காமல் பேசியவர் சென்னையிலிருந்த சுப்பையா அருணாசலம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004-இல் இதற்கான பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. மீன்வள ஆராய்ச்சியும் அடங்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் திறந்த அணுகலைக் கொள்கையாக ஏற்றது.

ஆனால் மூலதனத்துக்குக் கதவைத் திறக்கவும் தெரியும், திறப்பதற்குக் கூலி கேட்கவும் தெரியும். படிப்பவரிடம் வாங்கிய காசை எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கினார்கள். 2003-இல் பி.எல்.ஓ.எஸ். பயாலஜி வந்தபோது கட்டணம் 1,500 டாலர். 2021-இல் 'நேச்சர்' வைத்த விலை 9,500 யூரோ. நம் கணக்கில் எட்டு, ஒன்பது லட்சம். மாநிலக் கல்லூரியில் ஒரு விலங்கியல் ஆசிரியர் தன் சம்பளத்தை எத்தனை மாதம் சேர்க்க வேண்டும்? கட்ட முடியாதவரைப் போலி இதழ்கள் வளைத்தன. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் தண்டம் விதித்தது.

இன்னொரு பக்கம், 2011-இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் தொடங்கிய சை-ஹப் கோடிக்கணக்கான கட்டுரைகளைச் சட்டத்தை மதிக்காமல் திறந்துவிட்டது. 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் தில்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க ஆணை வந்தது. அரசு தன் பங்குக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் அறிவித்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், 13,000 இதழ்கள். பயன்பெறுவது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ராயபுரம் கிளை நூலகமோ மீனவர் சங்க அலுவலகமோ அந்தப் பட்டியலில் இல்லை. அதே 6,000 கோடியில் ஒரு பங்கு, எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத 1954 மரபு இதழ்களுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அது நம் பணம்.

6

திறப்பு என்றால் என்னவாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் நம் கரையிலேயே இருக்கிறது. 1990-களின் கடைசியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் சுவாமிநாதன் நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இயங்கியது. வங்கக்கடலின் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருந்தது. முழுத் திறந்த அணுகல். ஆனால் அது அங்கே கிடந்தவரை வீராம்பட்டினத்துக்கு எந்தப் பயனும் இல்லை. மையத்தில் இருந்தவர்கள் அதை இறக்கி, தமிழாக்கி, கடற்கரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்போதுதான் அது அறிவானது. 2004 டிசம்பர் 26 அன்று அதே பகுதியின் நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடல் பொங்குகிறது என்ற அந்தச் செய்தியை ஒலிபெருக்கி ஊர் முழுக்கச் சொன்னது, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் திறந்த கதவுக்கும் வீராம்பட்டினத்துக்கும் இடையே தமிழில் சொல்ல ஓர் ஆளும் ஒரு குழாய் ஒலிபெருக்கியும் தேவைப்பட்டன. அந்த இடைவெளியைப் பற்றி எந்த அறிக்கையும் போதுமான அளவு பேசவில்லை.

எனவே கோரிக்கைகளைச் சின்னதாகவே வைக்கலாம். காசிமேட்டிலோ எண்ணூரிலோ தகவல் எடுக்கும் ஒவ்வொரு ஆய்வும், அது எந்த இதழில் வந்தாலும், ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு அந்தக் கரைக்குத் திரும்பி வர வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு இதை நிபந்தனையாக்கலாம். தடைக்காலம் தொடங்குமுன் அதன் ஆதாரங்களைத் துறைமுகத்தில் வாசித்து, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கெடுத்தவர் பெயரும், விரும்பினால் தகவல் தந்த படகுக்காரர் பெயரும், பக்கமாக்கியவர் பெயரும் கட்டுரையில் இருக்க வேண்டும். திரைப்படத்தில் லைட்பாய் வரைக்கும் பெயர் ஓடுகிறது, அறிவியலுக்கு மட்டும் என்ன கேடு?

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. மீன்வள இதழ்களின் எழுபது ஆண்டுத் தொகுதிகள் இணையத்தில் கிடக்கின்றன, திறந்துதான் கிடக்கின்றன. வடசென்னையின் கடலைப் பற்றி அவற்றில் இருப்பதை எடுத்து, சரிபார்த்து, கரையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து தமிழில் கொண்டுவர ஒரு சிறுபத்திரிகைக்கு லட்சங்கள் தேவையில்லை. அப்படி உட்காரும்போது அவர்கள், 'நீங்க எய்தி வச்சிருக்கறது தப்பு' என்று சில எண்களைத் திருத்தவும் கூடும். அந்தத் திருத்தமும் ஒரு மதிப்பீட்டாளரின் குறிப்பாக இதழில் ஏற வேண்டும்.